வாழைக்குப் புறப்பட்ட குண்டு

அந்த வருஷம் தோட்டாவில் மருந்து குறைந்துவிட்டது. குண்டு புறப்பட்டது, போய்ச் சேரவில்லை.

நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தது.

நொச்சிக்குறிச்சியில் விஜயதசமி அன்று சாயங்காலம் நொச்சியம்மன் மரக்குதிரை மேல் ஏறி ஊருக்கு வடக்கே உள்ள பொட்டலுக்கு வேட்டைக்குப் போவாள். மற்ற ஊர்களில் அசுரன் என்று ஒரு வாழைமரத்தை நட்டு வைத்து அம்பு போடுவார்கள். இந்த ஊரில் அம்பு கிடையாது, கைத்துப்பாக்கி. ஜமீன் இருந்த காலத்தில் மலையிலிருந்து தூக்கிவந்து போட்ட ஒரு வெள்ளைக்காரன், அம்மன் திருநீற்றில் காய்ச்சல் இறங்கி எழுந்து உட்கார்ந்து, கொடுக்க வேறொன்றும் இல்லாமல் இடுப்பில் இருந்ததைக் கழற்றிக் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனது. ஆறு கண் உள்ள உருளை. போடுவதோ ஒரே தோட்டா. கட்டைவிரலால் துப்பாக்கியின் குதிரையைப் பின்னால் இழுத்து நிறுத்தினால்தான் விசை வேலை செய்யும். அவசரக்காரனுக்கு ஆகாத சாமான். சுடுவது ஜமீன் வாரிசு. அந்த வாரிசு வல்லபத்துரை, இப்போது பால் சங்கத்தில் செயலாளர்.

அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காது. செய்து கொடுப்பவர் குத்தாலிங்கம். கடைத்தெருவில் குக்கர், பூட்டு, கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவர். யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார், ஐந்தாவது வார்த்தை கேட்கிறவனுக்குக் குக்கரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வருஷத்துக்கு ஒரு தோட்டா. பழைய பித்தளைக் கூட்டைப் புளி போட்டுத் தேய்த்து, அடியில் தீப்பொறி கிளப்பும் கேப் ஒன்றை அழுத்தி, அம்மனுக்கென்றே இருக்கிற வெள்ளிப் பாலாடையால் கருமருந்தை அளந்து கொட்டி, கூட்டுக்குள் காலி இடம் விட்டால் மருந்து சரியாகப் பிடிக்காது என்பதால் மிச்ச இடத்துக்கு ரவை போட்டு நிரப்பி, அதன் மேல் தேன்மெழுகு தடவிய ஈயக்குண்டை வைத்து, கூட்டின் வாயைச் சுற்றிலும் கடித்த மாதிரி இறுக்கி, ஒரு வெற்றிலையில் சுருட்டிக் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போவார். ரவை என்றால் உப்புமா ரவைதான். வேறு என்ன.

அந்த வேலை நடக்கும்போது யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. கூப்பிடாமல் இருக்கவேண்டி அவர் மனைவி ஆவுடையம்மாள் நிலைப்படியில் ஒரு வேப்பங்குலை செருகி வைப்பாள். ஊர்க்காரர்களுக்கு அது தெரியும். அந்த வருஷம் வேலை நடந்த அன்றைக்குத்தான் மகள் செண்பகத்தைப் பெண் பார்க்க வெளியூரிலிருந்து வந்தார்கள், சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முந்தி. வேப்பங்குலையைப் பார்த்தால் அம்மை போட்டிருக்கிற வீடு என்று வாசலோடு திரும்பிவிடுவார்களே என்று ஆவுடையம்மாள் பதறி அதை உருவி அடுப்படியில் போட்டாள். மாப்பிள்ளையின் அக்கா நேராகக் கடைப்பக்கம் வந்து நின்று, "என்ன அண்ணாச்சி, சம்பந்தக்காரங்க வந்திருக்கோம், ரவய அளந்துகிட்டு இருக்கீய, கேசரியா கிண்டப் போறீய?" என்றாள். குத்தாலிங்கம் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது மருந்து போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டார். கால்வாசிதான் போட்டிருந்தார். மீதியெல்லாம் ரவை.

சாயங்காலம் வல்லபத்துரை கையை நீட்டிக் குதிரையை இழுத்து விசையை அழுத்தியபோது சத்தம் வரவில்லை. குழாய் வாயில் பஞ்சுருண்டை மாதிரி கொஞ்சம் புகை வந்து அங்கேயே நின்றது. புகைக்குள்ளிருந்து குண்டு மெதுவாகத் தலையை நீட்டியது. நத்தை கூட்டை விட்டு வருவது போல வெளியே வந்து, நெஞ்சு உயரத்தில், காற்றில், வாழைமரத்தைப் பார்த்துப் போகத் தொடங்கியது.

பறை நின்றது. எல்லோரும் குண்டைப் பார்த்தார்கள். வல்லபத்துரை கையை இறக்காமலே கேட்டார்.

"என்ன வே இது?"

"மருந்து கொறஞ்சுட்டு. எங் கை."

"குழாய்க்கு ஒண்ணும் ஆகலயே?"

"ஆகல."

"அப்ப சரி."

குத்தாலிங்கம் உண்மையில் பயந்தது வேறொன்றுக்கு. மருந்து குறைந்தால் குண்டு குழாய்க்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், சிக்கினால் குழாய் பிளக்கும், பிளந்தால் சுட்டவன் கை போகும். அவருக்குத் தெரிந்த வழி அதுதான். குண்டு இப்படி நிதானமாக நடந்து போகும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. வல்லபத்துரையின் ஐந்து விரலும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். இருந்தது. மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தரையில் உட்கார்ந்தார்.

வழக்கமாகக் குண்டு வாழைமரத்தில் ஏறியதும் தோட்டா செய்தவர் போய் அந்தத் துளையில் விரலை விட்டுப் பார்த்து, "சேந்தது. சேத்தது இன்னார்" என்று பேர் சொல்லிக் கூவுவார். வருஷாவருஷம் ஒரே பேர்தான், அந்த வருஷத்து ஜமீன் வாரிசின் பேர். பேர் சொன்ன பிறகுதான் ஊர் கட்டியிருக்கிற காப்பை அவிழ்ப்பார்கள். காப்பு மணிக்கட்டில் இருக்கிற வரைக்கும் அம்மன் பொட்டலை விட்டுத் திரும்பமாட்டாள், ஊர்க்காரன் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது, எந்த வீட்டிலும் கல்யாணம் கூடாது.

கல்யாணம் கூடாது. குத்தாலிங்கத்துக்கு இடித்தது அந்த இடத்தில்தான்.

ஏனென்றால் அன்று காலை பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை உச்சிமாகாளி கப்பலில் சமையல்காரர். நாற்பது வயது, மனைவி செத்து எட்டு வருஷம். செண்பகத்துக்கு முப்பத்து நாலு, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல். அதற்கு முன்னால் இரண்டு இடம் பேசி, கை நனைத்த பிறகு தட்டிப்போயிருந்தது. அதற்கப்புறம் அவள் வீட்டில் தேவைக்கு மட்டும் பேசுகிறவளாகிவிட்டாள், அப்பாவைப் போல. அன்றைக்கு அந்த மனிதர் காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, முந்நூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் வைத்தால் உப்பு எப்போது போடுவீர்கள் என்று கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவர், கப்பல் ஆடும்போது உப்புப் போட்டால் பாதி கடலுக்குப் போய்விடும், அதனால்தான் கடல் அப்படி இருக்கிறது என்றார். செண்பகம் சிரித்தாள். கடைப்பக்கம் உட்கார்ந்து தோட்டாவின் வாயை இறுக்கிக்கொண்டிருந்த குத்தாலிங்கம் அந்தச் சிரிப்பைக் கேட்டார். கேட்டுக் குறடைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்ப எடுத்தார்.

தை கடைசியில் உச்சிமாகாளி தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும். ஏறினால் திரும்ப இரண்டு வருஷம்.

மறுநாளே பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, குண்டு இந்த வேகத்தில் போனால் தை பாதிக்கு மேல் போய்ச் சேரும் என்றார். தைக்குள் என்றால் சரி, எப்படியும் ஐப்பசி கார்த்திகையில் மண்டபம் கிடைக்காது, மார்கழியில் கல்யாணம் இல்லை, தை என்றால் தை என்று ஊர் மூச்சு விட்டது. விட்டுவிட்டு அதனதன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது.

முதல் காரியமாக வல்லபத்துரையின் கை. குண்டு சேரும்வரை சுட்டவன் கையை இறக்கக் கூடாது. அவர் விடிய விடிய நின்றார், விடிந்ததும் பால் வண்டி வந்துவிட்டது. பூசாரி சன்னாசி இரண்டாகப் பிரிந்த ஒரு புளியங்கவையை வெட்டி நட்டு, அதில் பட்டுத் துண்டு சுற்றி, துப்பாக்கியை அதில் வைத்துக் கட்டி, இந்தக் கவைதான் இனிமேல் துரையின் கை என்று தீபம் காட்டினார். வல்லபத்துரை காலையும் மாலையும் வந்து கவையைத் தொட்டுவிட்டுப் பால் சங்கத்துக்குப் போனார். அம்மனுக்கும் குதிரைக்கும் சேர்த்து ஓலைக் கொட்டகை போட்டார்கள். குண்டு போகிற கோட்டில் இரண்டு பக்கமும் கயிறு கட்டினார்கள். பஸ் பொட்டலைச் சுற்றிப் போனது. போலீஸ் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை சுட அனுமதி, இப்போது சுட்டாயிற்றா இல்லையா, சுட்டாயிற்று என்றால் குண்டு எங்கே, சுடவில்லை என்றால் இது என்ன என்று கேட்டு, பதில் கிடைக்காமல், ஒரு ஏட்டை அங்கே உட்கார வைத்துவிட்டுப் போனது. ஏட்டு ஒரு மாதத்தில் கொட்டகை ஓரத்தில் கத்தரி போட்டார்.

சத்தம் வராமல் போகவில்லை. வெடிக்க வேண்டிய சத்தம் இழுபட்டு இழுபட்டு, மரத்துக்குள் இருக்கிற வண்டு மாதிரி, ராப்பகலாக ஊரெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் கோயில் நாதஸ்வரக்காரர் சுருதிப்பெட்டியை மூடி வைத்துவிட்டு அந்த ரீங்காரத்துக்குச் சேர்த்து வாசித்தார், நன்றாக இருந்தது. பிறகு பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டே மாவாட்டினார்கள், ஆண்கள் அதைக் கேட்டுக்கொண்டே சண்டை போட்டார்கள், அந்த மாதங்களில் பிறந்த குழந்தைகள் அதைக் கேட்டால்தான் தூங்கின. குழாய் வாயில் நின்ற புகை அப்படியே நின்றது, காலையில் அதன்மேல் பனித்துளி இருக்கும். குண்டை நிறுத்திக் காட்டுகிறேன் என்று இரும்பு வேலை செய்கிற ஒருவர் இடுக்கியால் பிடித்தார், குண்டு அவரையும் இழுத்துக்கொண்டு போனது, இடுக்கி சூடேறவும் விட்டுவிட்டார். குடித்துவிட்டு வந்த ஒரு பெயிண்டர், ஆம்பளையா இருந்தா வா என்று அதற்கு முன்னால் நெஞ்சைக் காட்டி நின்று, நின்றபடியே தூங்கி, விழித்தபோது சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டு சுத்தமாகத் துளைபட்டிருந்தது. குடியை விட்டுவிட்டார். பீடியையும்.

மாப்பிள்ளையின் அக்கா வெள்ளிக்கிழமை தோறும் வந்தாள். மலையடிவாரச் சந்தையில் வாழை இலை மொத்த வியாபாரம் செய்கிறவள். விடியக்காலை ஏலத்தை முடித்துவிட்டு, இலைக்கட்டு கட்டின நார் கையில் சுற்றியபடியே, ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனில் தண்ணீரோடு பஸ்சில் வந்து இறங்குவாள். இந்த ஊர்த் தண்ணீர் அவளுக்குச் சேராதாம். நேராகப் பொட்டலுக்குப் போய், வாழைமரத்துக்கு முன்னால் கயிற்றுக்குள்ளேயே தைரியமாக உட்கார்ந்து, குண்டைப் பார்த்தபடி வெற்றிலை போட்டு, குத்தாலிங்கத்தைக் கூப்பிட்டுவிடுவாள்.

"காப்ப எப்ப அவுப்பீய அண்ணாச்சி?"

"குண்டு சேந்தா."

"எப்பச் சேரும்?"

"சேரும்போது."

"நல்ல பதிலு. கப்பக்காரன்ட்ட இதயே சொல்லச் சொல்லுதேன். அவன் நங்கூரத்தத் தூக்காம நிப்பான்."

இரண்டு வாய் குடித்துவிட்டு மீதித் தண்ணீரை அங்கேயே கொட்டிவிட்டுப் போவாள். கையோடு கொண்டுவந்த கிழிந்த இலைகளையும் அங்கேயே போட்டுவிட்டுப் போவாள். அம்மன் இருக்கிற இடத்தில் குப்பை போடுகிறாளே என்று பூசாரி முணுமுணுத்தார். குத்தாலிங்கம் வீட்டுக்கு வந்து, அந்தம்மா வாய்க்கு ஒரு குக்கர் வாசர் போடணும் என்றார். மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிற வீடு, பேரைச் சொல்லியாவது பேசக் கூடாதா என்று ஆவுடையம்மாள் கேட்டாள். பேர் தெரியாது என்றார். கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்றாள். அவர் பூட்டு ஒன்றை எடுத்துக் குடையத் தொடங்கினார்.

கார்த்திகை மழை விட்டதும் ஒரு காலை அவர் கவைக்குப் பின்னால் குந்தி ஒரு கண்ணை மூடிக் குண்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஏட்டு கத்தரிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு, என்ன என்று கேட்டார். குத்தாலிங்கம் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கு வந்து ஆவுடையம்மாளிடம் மட்டும் சொன்னார்.

"எட்டாது."

ஈயம் கனம். வேகம் இருக்கிற குண்டு கனத்தை மறந்து பறக்கும், வேகம் இல்லாத குண்டுக்குக் கனம் ஞாபகம் வந்துகொண்டே இருக்கும். நெஞ்சு உயரத்தில் புறப்பட்டது இடுப்புக்கு வந்திருந்தது. போகப் போக இன்னும் சரியும், சரிவு கூடும். வாத்தியார் தூரத்தைத்தான் நூல் பிடித்தார், உயரத்தைப் பார்க்கவில்லை. தையில் அது மரத்துக்குக் கிட்டே வரும்போது ஒரு சாண் உயரம்தான் இருக்கும், அடுத்த முழத்தில் மண்ணில் குத்திவிடும். மண்ணில் குத்தின குண்டு சேர்ந்த குண்டு இல்லை. பேர் சொல்ல முடியாது. பேர் சொல்லாமல் காப்பு அவிழாது, இந்தத் தைக்கும் இல்லை, எந்தத் தைக்கும் இல்லை.

ஆவுடையம்மாள் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, அன்னைக்கு நாந்தான் வேப்பங்கொலய உருவுனேன் என்றாள். அவர், அளந்தது நான், போய் உலையப் பாரு என்றார்.

ஊர்க்கூட்டம் கூடியது. குத்தாலிங்கம் எழுந்து, மரத்தைப் பெயர்த்து நாலு முழம் முன்னால் நடலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் அதுவரை ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை என்பதால் முதலில் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிறகு சன்னாசி, காப்புக் கட்டினபின் அசுரன்மேல் மண்வெட்டி படக் கூடாது, அவனைத் தூக்கி நடுகிற கை அவனை வீட்டுக்குக் கூட்டிப் போகும், இது என் தகப்பன் சொன்னது என்றார். குண்டுக்கு அடியில் மேடு கட்டலாமா என்று ஒருவர் கேட்டார், மேட்டில் குத்தினாலும் மண்தானே என்று இன்னொருவர். வெளியூரில் வைத்துத் தாலி கட்டிவிடலாமே என்று பேச்சு வந்தது. செய்தி சந்தைக்குப் போய், அந்த வெள்ளிக்கிழமை அக்கா வந்து நின்றாள். காப்புக் கட்டின கையோடு கழுத்தில் தாலி ஏறினால் தன் வீட்டுக்கும் ஆகாது, ஏற்கெனவே ஒருத்தியைப் பறிகொடுத்த வீடு, அந்தப் பேச்சே வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டு வழக்கம்போல மரத்தடியில் போய் உட்கார்ந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, பஸ் ஏறிப்போனாள். இடம் கைவிட்டுப் போயிற்று என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

உச்சிமாகாளி மட்டும் மார்கழியில் ஒருநாள் வந்து, சத்துணவுக் கூடத்து வாசலில் நின்று, கப்பலில் முட்டை அவிக்கிற விதத்தைப் பற்றிச் செண்பகத்திடம் பேசிவிட்டுப் போனார். குத்தாலிங்கம் சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு சைக்கிள் கடையில் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை சிரிப்புக் கேட்கவில்லை. கப்பல் தேதியைச் சொல்லியிருப்பார் போல.

முளையை முதலில் பார்த்தது ஏட்டு. வாழைக்கு முன்னால், குண்டைப் பார்த்த பக்கம், குப்பையாகக் கிடந்த கிழிந்த இலைகளுக்கு நடுவே ஈட்டி மாதிரி ஒரு கன்று மண்ணைக் கிழித்து நின்றது.

எல்லா வருஷமும் வாழையைக் கிழங்கு இல்லாமல் வெட்டிக்கொண்டு வந்து நடுவார்கள். அந்த வருஷம் கொல்லையில் ஈரம் அதிகம், இழுத்ததும் கிழங்கோடு வந்துவிட்டது, அப்படியே நட்டுவிட்டார்கள். பொட்டல் மண் பாறை. அதில் கிழங்கு உயிரோடு கிடந்ததே அதிசயம் என்றார்கள். குண்டு காற்றில் நடந்து போவதை மாதக்கணக்காகப் பார்த்த ஊர், வாழை கன்று போட்டதற்கு வாயைப் பிளந்தது.

குத்தாலிங்கம் குந்திப் பார்த்தார். கன்று நின்ற இடம் தாய்க்கு ஒரு முழம் முன்னால். குண்டு வரும் கோட்டில், நூல் பிடித்த மாதிரி. அங்கே வரும்போது குண்டுக்கு ஒரு சாண் உயரம் இருக்கும். அவர் கையை ஊன்றி எழுந்தபோது உள்ளங்கையில் ஈரம் ஒட்டியது. சுற்றிலும் எங்கேயும் ஈரம் இல்லை. மரத்துக்குப் பின்பக்கம் மண் சுட்ட ஓடு மாதிரி கிடந்தது. இந்தப் பக்கம் மட்டும் கறுத்து, இலை மக்கி, பொதபொதவென்று இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றார். அவள் கேனோடு இறங்கினாள்.

"நீங்க தண்ணி ஊத்துனது தெரிஞ்சா, தெரியாமயா?"

"எல யாவாரம் பாக்குதவ வாழைக்குத் தெரியாம ஊத்துவாளா?"

"சொல்லிருக்கலாம்."

"சொன்னா கூட்டம் போடுவீய. ஒங்க கூட்டம் முடியுததுக்குள்ள கெழங்கு காஞ்சிரும். எந்தப் பக்கம் ஈரம் இருக்கோ அந்தப் பக்கம் கன்னு வரும் அண்ணாச்சி. அதுக்கு மண்வெட்டி எதுக்கு, பூசாரி எதுக்கு."

குத்தாலிங்கம் கேனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் பொட்டலைப் பார்த்து நடந்தார்கள். பாதி வழியில் அவள் சொன்னாள்.

"எந்தம்பி எட்டு வருசமா சாப்பாட்டப் பத்திப் பேசுனது இல்ல. ஆக்குவான், போடுவான், அவ்வளவுதான். ஒங்க வீட்டுல வச்சு சாம்பாரப் பத்திப் பேசுனான். நீங்க கேட்டீயளா?"

"கேட்டேன்."

"அதான்."

கேனை அவரே சாய்த்தார். அவள், அடியில ஊத்தாதீய, ஒரு சாண் தள்ளி என்று அதட்டினாள். தள்ளி ஊற்றினார். அன்றிலிருந்து அது ஊர் வேலையானது. முறை வைத்துக் குடம் தூக்கினார்கள். ஏட்டு தன் கத்தரிக்கு வைத்திருந்த சாணத்தைக் கொண்டுவந்து கொட்டினார். செண்பகம் தினமும் அரிசி களைந்த தண்ணீரைச் சத்துணவுக் கூடத்திலிருந்து தூக்கிவந்து ஊற்றினாள். உச்சிமாகாளியும் வந்தார், அரிசிக் கழுநீரா, மீன் கழுவின தண்ணீரா, எது வாழைக்கு நல்லது என்று இருவருக்கும் வாதம். அது சண்டை மாதிரி தொடங்கி வேறெங்கோ போனது. குத்தாலிங்கம் கவைக்குப் பின்னால் குந்திக்கொண்டு குண்டைப் பார்ப்பதாகப் பாவனை செய்தார்.

கன்று அசுரன் ஆகுமா என்று ஒரு கேள்வி வரத்தான் செய்தது. வராவிட்டால் அது ஊரே இல்லை. சன்னாசி மூன்று நாள் யோசித்தார். அசுரன் ஒரு உருவத்தை விட்டு இன்னொரு உருவத்துக்குப் போகிறவன், எருமையாக இருந்தவன் ஆளாக வரவில்லையா, ஒரே கிழங்கு, ஒரே ரத்தம், வாழையில் தாயென்ன பிள்ளையென்ன என்றார். ஆனால் இலையில் பட்டால் செல்லாது, தண்டில் பட வேண்டும் என்று ஒரு கண்டிப்பும் போட்டார். பூசாரிக்கு ஏதாவது ஒரு கண்டிப்பு வேண்டும்.

தை பிறந்தது. குண்டு சரிந்து சரிந்து முழங்காலுக்கு வந்தது, கணுக்காலை நோக்கி வந்தது. கன்று நாளுக்கு நாள் தடித்தது. ஆனால் விரல் தடிமன்தான், பிறகு இரண்டு விரல், பிறகு குழந்தையின் மணிக்கட்டு. தூத்துக்குடியிலிருந்து உச்சிமாகாளிக்கு ஆள் வந்துவிட்டுப் போனான். மூட்டை கட்டி வைத்திருந்தார். கல்யாணப் பந்தலுக்குக் கம்புகள் வந்து இறங்கி, நடாமல், வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தன. ஆவுடையம்மாள் அவற்றைப் பார்க்காமல் உள்ளே போக, வெளியே வரப் பழகிக்கொண்டாள்.

தையின் கடைசி வெள்ளிக்கிழமை, வெயில் ஏறுகிற நேரம். ஊர் முழுக்கப் பொட்டலில் இருந்தது. குண்டு தண்டுக்கு ஒரு விரல்கடை தள்ளி, தரைக்கு ஒரு சாணுக்கும் குறைவாக நின்றமாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் ஒரு எறும்பு வரிசை ரவையைத் தேடுவது மாதிரி மேலே பார்த்துப் போனது. குத்தாலிங்கம் வயிற்றை மண்ணில் வைத்துப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே, மறுபக்கம், அதே மாதிரி குனிந்திருந்தாள் அக்கா. வெற்றிலையை மெல்ல மறந்திருந்தாள்.  குண்டு தண்டின் பச்சைத் தோலைத் தொட்டது. தோல் கொஞ்சம் உள்ளே குழிந்தது. குழிந்தபடியே நின்றது. விலகிவிடுமோ, வழுக்கிப் பக்கத்தில் போய்விடுமோ என்று அவர் மூச்சை அடக்கினார்.

அப்போதுதான் வெடித்தது. விஜயதசமி அன்றைக்கு வர வேண்டியிருந்த சத்தம், ஊரெல்லாம் பரவி வண்டாக இரைந்துகொண்டிருந்த சத்தம், ஒரே இடத்தில் திரண்டு ஒரே அடியாக வெடித்தது. கொட்டகைக் கூரையிலிருந்து காக்கைகள் எழும்பின. குழாய் வாயில் நின்ற புகை கலைந்தது. கன்றின் தண்டிலிருந்து வாழைநீர் பீய்ச்சி அக்காவின் முகத்தில் அடித்தது. பிறகு மாதக்கணக்காக யாரும் கேட்காத அமைதி. அந்த அமைதி தெரியாத கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதன. அம்மாக்கள் சிரித்துக்கொண்டே தாலாட்டினார்கள்.

ஊர் விட்ட மூச்சில் கொட்டகை ஓலை ஆடியது என்று பின்னால் சொன்னார்கள். சொல்வார்கள்தான். ஆனால் ஆடியது.

குத்தாலிங்கம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கன்றின் துளைக்குள் சுண்டுவிரலை விட்டார், அதற்குத்தான் இடம் இருந்தது. சூடாக இருந்தது. ஈயம் தட்டுப்பட்டது. சன்னாசி கத்தரிக்கோலோடு, காப்பை வெட்டத் தயாராக, அவர் வாயைப் பார்த்தார். வல்லபத்துரை வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நின்றார். பறைக்காரர்கள் குச்சியை ஓங்கினார்கள். பேர் சொன்னால் அடிக்கவேண்டியதுதான்.

குத்தாலிங்கம் வாயைத் திறந்தார், மூடினார். வல்லபத்துரையைப் பார்த்தார். பால் சங்கத்துச் செயலாளர் ஒரு நொடி யோசித்துவிட்டு, நாலு மாதமாகக் கவை செய்த வேலைக்குத் தான் எதற்கு என்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே ஒரு அடி பின்னால் போனார். குத்தாலிங்கம் திரும்பிக் கூட்டத்தில் ஆவுடையம்மாளைத் தேடினார். அவள் செண்பகத்தின் பக்கத்தில் நின்றிருந்தாள். ஊர் முழுக்கக் காத்திருக்க, நேராக அவளிடம் போய், அந்தம்மா பேரென்ன என்று காதில் கேட்டார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். செண்பகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உச்சிமாகாளிக்கும்.

அவர் கன்றுக்குப் பக்கத்தில் திரும்பி வந்து நின்றார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, இன்னும் என்ன அண்ணாச்சி, காப்ப அவுங்க, கப்பல் நிக்காது என்றாள். அவர் தொண்டையைச் செருமினார். வாழ்நாளில் அவ்வளவு உரக்க அவர் எதையும் சொன்னதில்லை.

"சேந்தது. சேத்தது, எலக்கடை சொர்ணத்தாய்."